பன்னிரண்டு கதிர்

பொன்னிழை ஸ்பின்னிங் மில்ஸ் பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட மறுநாள் காலை ஆறேகாலுக்கு, வாடிப்பட்டியில் பேச்சிமுத்துவின் நடுவீட்டில், நூல் சுற்றும் பன்னிரண்டு கதிர்கள் கொண்ட நூற்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கூடவே வெள்ளையடித்த சுவர் நாலடியும், ‘புகை பிடிக்காதீர்’ பலகையில் பாதியும் வந்திருந்தன. வாசல் கதவு தாழிட்டபடியே இருந்தது. முப்பத்தோரு வருடம் மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பேச்சிமுத்து மெயின் சுவிட்சை இறக்கினார். இயந்திரம் நிற்கவில்லை. குனிந்து பார்த்தார், அதற்கு ஒயரே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஓய்வுப் பணத்தில் நாலு லட்சத்துக்கு அந்த மில்லில் நாலாயிரம் பங்கு வாங்கியதை அவர் மனைவி சரண்யாதேவியிடம் சொல்லவில்லை. மகள் தமிழ்வாணியை நர்சிங் சேர்க்க வைத்திருந்த பணம். மூன்று வருடம் மில் கணக்கே தாக்கல் செய்யாததால் சந்தையில் முதலில் அதன் பங்கு விற்பனையை நிறுத்தினார்கள், பிறகு பெயரையே அடித்துவிட்டார்கள். சமயநல்லூரில் பங்குத் தரகு பார்க்கும் அசோக்குமாரிடம் ஓடினார்.

“பங்கு எங்கயும் போகலண்ணே. இன்னமும் நீங்க அந்தக் கம்பெனிக்குச் சொந்தக்காரருதான். வாங்கி விக்கிற சந்தைதான் போச்சு.”

“அப்ப என் துட்டு?”

“மதிப்புப் போட்டு முதலாளி திருப்பி வாங்கணும், சட்டம் அப்பிடி. ஆளு எங்கன்னுதான் தெரியல.”

கொட்டாம்பட்டியில் ஐம்பது பங்கு வைத்திருந்த வாத்தியார் ஜெயபாண்டிக்கு ஒரு ஜன்னல் வந்திருந்தது. திறந்தால் மில் வளாகத்துப் புளியமரம் தெரிந்தது. பத்துப் பங்கு வைத்திருந்தவர்களுக்குக் கதவுக் கொண்டி மட்டும். மில் நின்ற இடம் வெறும் தரை. மிச்ச மில் முழுவதும் மதுரையில் முதலாளியின் பங்களாவுக்குள் அடைந்து, மாடி ஜன்னல் வழியே பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது.

பழைய இரும்பு வாங்கும் காசிமாயன் இயந்திரத்தை மினி லாரியில் ஏற்றிப் போனார். சமயநல்லூர் வருமுன் லாரி காலி. இயந்திரம் நடுவீட்டில் ஓடியது.

“விக்க முடியாத சாமான என் தலையில கட்டப் பாத்தீகளாண்ணே?” என்று கத்தி, டீசல் காசு வாங்கிக்கொண்டு போனார்.

சரண்யாதேவி “எம்புட்டு?” என்று மட்டும் கேட்டாள். சொன்னார். பதினோரு நாள் அவள் இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய் வந்தாள். பன்னிரண்டாம் நாள், இழைகள் அறுந்து சுருண்டு கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் எழுந்து வந்தாள். கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் மில் வேலை பார்த்தவள். இரண்டு விரலால் முறுக்கி இழையை ஒட்டினாள்.

“மெசினு நல்லாத்தேன் ஓடுது. பாக்கத்தேன் ஆளில்ல” என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

பஞ்சு எங்கிருந்து வந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. அந்த நூலை எந்தத் தராசில் வைத்தாலும் முள் அசையவில்லை. அதனால் யாராலும் விலை சொல்ல முடியவில்லை. பூக்கட்டும் பெண்கள் கேட்டு வாங்கிப்போய், பதிலுக்கு மல்லிகை கொடுத்தார்கள். பேச்சிமுத்து மறுபடி வீடுகளுக்கு ஒயரிங் வேலைக்குப் போனார். அந்தக் கூலி போதவில்லை.

ஆனி மாதம் தமிழ்வாணி கல்விக் கடனுக்காக வங்கிக்குப் போனாள். குடும்பச் சொத்து என்ற இடத்தில் ‘நூற்பு இயந்திரம், பன்னிரண்டு கதிர்’ என்று எழுதியிருந்தாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

“பொன்னிழையா?”

“ஆமா சார்.”

“எங்க வீட்டுக்கு ரெண்டு தகரம் வந்துச்சும்மா. சமையக்கட்டு மேல போட்டுட்டோம்” என்றபடி விண்ணப்பத்தில் ஒப்புதல் முத்திரையைக் குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.