சக்லி ஏன் திரும்பி வந்தது

நான்கு கால்களையும் ஓரிடத்தில் ஊன்றி நிற்பது என்றால் என்னவென்றே சக்லிக்குத் தெரியாது. ஓசூர் மைதானத்தில் நாய்களுக்கான தடை ஓட்டப் போட்டி தொடங்குவதற்குள் கயிற்றை மேகலாவின் கால்களில் மூன்று சுற்று சுற்றிவிட்டது. அவளும் லேசுப்பட்டவளா என்ன? தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள், மறுபடி திறந்தாள்.

காரணம் இருந்தது. கணவன் சிவராஜுக்கு நைட் ஷிப்ட். பகலில் கண்ணை மூடவிடாமல் கட்டிலுக்கும் வாசலுக்கும் ஓடும் நாயோடு ஒரு வருடம் மல்லுக்கட்டியவன், கடைசியில் தீர்த்துச் சொல்லிவிட்டான். இன்றைக்கு ஒரு ஓட்டத்தையாவது ஒழுங்காக முடித்தால் சக்லி வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் பர்கூரில் கிரானைட் பட்டறை வைத்திருக்கும் நண்பன் முனிவேலிடம் காவலுக்குப் போகும். முனிவேலின் நாய்களுக்குச் சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் உலகம்.

ஒவ்வொரு நாய்க்கும் இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் மானம் போனது.

"தாண்டுபா!" என்றாள். தடைக்கம்பு வரை பாய்ந்த சக்லி சட்டென்று திரும்பி அவள் காலடிக்கு வந்து நின்றது. "நுழைபா, நுழைபா!" என்று துணிக்குழாயைக் காட்டினாள். தலையை உள்ளே விட்டதுதான் தாமதம், உருவிக்கொண்டு மறுபடி அவளிடமே ஓடி வந்தது. கெஞ்சக் கெஞ்ச அவளையே சுற்றியது. நேரம் முடிந்ததென்று நடுவர் விசில் ஊதினார்.

"பயிற்சியில தங்கமா செய்யுது. போட்டின்னா மட்டும் கவனம் போயிடுது மேடம்" என்று பயிற்சியாளர் மோகன்குமார் உதட்டைப் பிதுக்கினார்.

வேலிக்கு அந்தப்பக்கம் சிவராஜ் செல்போனை எடுத்துக் காதில் வைத்தான். யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை.

"இன்னொரு ஓட்டம் இருக்குதுங்க!" என்று கத்திவிட்டு மேகலா சக்லியோடு டீக்கடைப் பக்கம் நடந்தாள். அங்கே ஒருவர் தூரத்தில் விளையாடிய தன் மகளைக் கன்னடத்தில் கூப்பிட்டார்.

"இல்லி பா! பா!"

மகள் அசையவில்லை. சக்லி கயிற்றை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்று வாலாட்டியது.

மேகலா தலையில் அடித்துக்கொண்டாள். அத்திப்பள்ளியில் ஒரு கன்னடக் குடும்பத்திடமிருந்து வாங்கிய நாய். அதன் காதில் விழுந்த முதல் கட்டளையே 'பா'வாகத்தான் இருக்கும். வா என்று அர்த்தம். பயிற்சியில் நிதானமாக 'தாண்டு', 'நுழை' என்று மட்டும் சொல்பவளுக்கு, பதற்றம் வந்தால் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு 'பா' ஒட்டிக்கொள்ளும். தாண்டு என்று அனுப்பி, அதே மூச்சில் வா என்று கூப்பிட்டிருக்கிறாள். நாய் பாவம், கடைசியாகச் சொன்னதைச் செய்திருக்கிறது. கவனம் இல்லாதது நாய்க்கா?

இரண்டாவது ஓட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"தாண்டு." தாண்டியது. "நுழை." குழாயின் மறுமுனையில் தலை தெரிந்தது. "ஏறு." சாய்பலகையில் ஏறி இறங்கியது. நாக்கு நுனிவரை வந்த 'பா'வை ஒவ்வொரு முறையும் விழுங்கினாள். இன்னும் ஒரே ஒரு கம்பு.

வேலியோரம் சிவராஜ் தன்னை மறந்து குதித்துக்கொண்டிருந்தான்.

"ஓடுபா! விடாதபா! சூப்பர்பா!"

சக்லியின் காதுகள் திரும்பின. கம்பை விட்டு விலகி, வேலியைத் தாண்டி, அவன் மார்பில் போய் விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள். களத்தை விட்டு வெளியேறினால் ஆட்டம் முடிந்தது.

மேகலா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "ஏங்க கூப்பிட்டீங்க?"

"நான் எங்க கூப்பிட்டேன்?"

"பா-ன்னா கன்னடத்துல வான்னு தெரியாதா உங்களுக்கு? மூணு தடவ கூப்பிட்டீங்க!"

சிவராஜ் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான். சட்டையெல்லாம் செம்மண் கால்தடம். சக்லி அவன் தாடையை நக்கிக்கொண்டிருந்தது. செல்போன் அடித்தது. முனிவேல்தான்.

"இல்ல முனிவேலு, நாய் வராது" என்றான் சிவராஜ், சக்லியைக் கீழே இறக்கிவிட்டபடி. "முடிக்கலதான். நான் கூப்பிட்டேன், வந்துடுச்சு. அதுமேல என்ன தப்பு? நீ வேற நாயப் பாருபா."

இறக்கிவிட்ட சக்லி மறுபடியும் அவன் மேல் ஏறியது.