பெட்டியின் அடியில் வைத்த றேடியேற்றர்

கதை எழுதிப் பழக்கமில்லாத ஒருவர் கதை சொல்லத் துணிவது பிழை என்பதை நன்கறிவேன். வாசகப் பெருமக்கள் இச்சிறு முயற்சியின் குறைகளைப் பொறுத்தருள வேண்டும். முறையாகச் சொல்லப்படாமல் நின்றுபோன நன்றியொன்று இதில் இருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே பேனையைக் கையில் எடுத்தேன்.

திருகோணமலைக் கரையிலுள்ள சல்லி என்ற ஊரில் பிரவீனனைத் தெரியாத வள்ளக்காரர் இல்லை. எஞ்சின் முக்கினாலும் முனகினாலும் கரையில் நின்றபடியே நோய் சொல்லிவிடுவான். ஆகவே தங்கை நிருஜாவுக்கு அவளுடைய கணவர் ரிஷிகேசன் கட்டாரிலிருந்து கணினிப் பாகங்களை அனுப்பியபோது, அவற்றைப் பொருத்திப் பூட்டுவதற்கு வேறு யாரையும் தேடவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தில் அமர்ந்தான். பாகங்களுள் கனமானது தண்ணீரால் சூட்டைத் தணிக்கும் றேடியேற்றர். அதைக் கணினிப் பெட்டியின் அடியிலேயே பூட்டினான். வள்ளத்தில் பாரம் அடியில் இருந்தால்தான் ஆட்டம் இராது என்பது அவன் கண்ட உண்மை. நிருஜா செய்முறைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

மூன்று மாதம் ஒரு குறையுமில்லை. பாரமான வேலை வந்தபோதுதான் வினை தொடங்கியது. கொழும்பிலுள்ள கட்டட வரைபட நிறுவனமொன்று, ஒரு விடுதியைச் சுற்றிக் காட்டும் அசைபடம் செய்து தருமாறு அவளிடம் கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் அது போய்ச் சேர்ந்தால், அவள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். சேராவிட்டால் கொழும்புக்குப் போய் விடுதியொன்றில் தங்க வேண்டும். இரண்டு வயது மகள் தனுஷிகா இங்கேதான் இருக்க நேரிடும்.

புதன்கிழமை காலை கணினி தானாக நின்றது. மீண்டும் இயக்கினால் இருபது நிமிடத்தில் சூடு தொண்ணூற்றெட்டுப் பாகையைத் தொட்டது, மறுபடி நின்றது. உள்ளே கொளகொளவென்று ஒரு சத்தம். பிரவீனன் பக்கக் கதவைக் கழற்றி மேசை விசிறியைப் பிடித்துப் பார்த்தான். பலனில்லை. அன்று மாலை முழுவதும் நிருஜா தனுஷிகாவின் சட்டைகளை ஒன்றொன்றாக மடித்து, பிரித்து, திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க அவனுக்கு ஏலவில்லை.

வியாழக்கிழமை அவன் கடலுக்குப் போகவில்லை. நிருஜாவோடு ஒன்றாகப் படித்த சுஹைரா குறிஞ்சாக்கேணியில் கணினி திருத்தும் கடை வைத்திருந்தாள். தகவல் கிடைத்ததும் கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். தேத்தண்ணியைப் பிறகு குடிக்கலாம் என்று சொல்லி, பெட்டியைத் திறந்து றேடியேற்றரின் இரண்டு தண்ணீர்க் குழாய்களையும் தொட்டுப் பார்த்தாள். ஒன்று கொதித்தது, மற்றது குளிர்ந்து கிடந்தது.

"தண்ணி ஓடுதில்லை புள்ள. ஆரு இதை அடியில பூட்டினது?"

நிருஜா வாய் திறக்குமுன் பிரவீனன் முந்திக்கொண்டான்.

"நான்தான் பூட்டினனான். கனமான சாமான் அடியிலதானே இருக்கவேணும்?"

"இது கடலுக்குப் போற பெட்டியில்லை அண்ணன்," என்று சுஹைரா சிரித்தாள். "காத்து மேலதான் ஏறும். இப்ப எல்லாத்துக்கும் மேல நிக்கிறது தண்ணியை ஓட்டுற பம்பிதான். காத்தெல்லாம் அதுக்குள்ள போய்க் குந்தியிருக்கு."

பிரவீனன் தலையில் கை வைத்தான். எண்ணெய்க் குழாயில் காற்று அடைத்து எஞ்சின் நிற்பதை நடுக்கடலில் எத்தனை தரம் சரிப்படுத்தியிருப்பான்! தன் வீட்டில் அதே நோயை அவன் கண்டுகொள்ளவில்லை.

சுஹைரா றேடியேற்றரைக் கழற்றிப் பெட்டியின் மேற்புறத்தில் பூட்டினாள். முன்பக்க விசிறிகள் குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்கவும், மேற்புற விசிறிகள் சூட்டை வெளியே தள்ளவும் திருப்பி வைத்தாள். மூலையில் சுவரோடு ஒட்டிக் கிடந்த பெட்டியை மேசைக்கு ஏற்றச் சொன்னாள். குழாய்களில் மிஞ்சிய காற்றை றேடியேற்றருக்கு ஏற்றுவதற்குப் பெட்டியை மெல்லச் சரித்துச் சரித்து ஆட்ட வேண்டியிருந்தது. அந்த வேலையைப் பிரவீனனிடமே விட்டாள். அவன் குழந்தையைத் தாலாட்டுவதுபோல் ஆட்ட, கொளகொளச் சத்தம் ஒடுங்கியது. பிறகு சாமி அறையிலிருந்து ஓர் ஊதுபத்தி கேட்டு வாங்கிப் பெட்டியின் முன்னால் பிடித்தாள். புகை முன்பக்கத்தால் நுழைந்து, மேற்புறத்தால் நூல்போல எழுந்தது. அசைபட வேலையைத் தொடக்கியபோது திரையில் அறுபத்துநான்கு பாகை. ஒரு மணித்தியாலம் கழித்தும் அதே அறுபத்துநான்கு.

செய்முறைத் தாளை மடித்து வைக்க எடுத்தபோதுதான் பிரவீனன் அதைக் கண்டான். றேடியேற்றர் மேலே இருக்கும் படத்தைச் சுற்றிப் பேனையால் வட்டமிடப்பட்டிருந்தது. அது நிருஜாவின் கைவேலை.

"உனக்கு முதலே தெரியுமா?"

"ஓம் அண்ணா. நீங்கள் எவ்வளவு ஆசையாப் பூட்டிக்கொண்டு இருந்தீங்கள். பிழையெண்டு சொல்ல மனம் வரேல்லை."

அவனுக்குக் கோபம் வரவில்லை. தனக்காகத் தங்கை விழுங்கிய ஒரு சொல் தாயையும் பிள்ளையையும் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தான். இனித் தான் பிழை விட்டால் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

சுஹைரா புறப்படும்போது அவன் வாசல் படலைவரை கூடவே போனான். நெடுநேரம் ஸ்கூட்டரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"தங்கச்சி, என்ர மருமகள் தாயோட இருக்கப்போறாள். இதுக்கு என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

"ஒண்டும் சொல்லவேணாம். அடுத்த முறை பெட்டி பூட்டக்குள்ள போனில எனக்கொரு கோல் எடுங்க, அண்ணன்."

வெள்ளிக்கிழமை மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அசைபடம் கொழும்புக்குப் போனது. வீட்டிலிருந்தே தொடரலாம் என்ற பதில் மாலையில் வந்தது.

இழந்தவை: திடீரென நின்றபோது கெட்டுப்போன, அசைபடத்துக்கான எண்ணூற்றுப் பன்னிரண்டு படங்கள். பம்பியின் ஆயுளில் ஏறக்குறையப் பாதி. கழற்றும்போது உடைந்த ஒரு விசிறி இதழ். பிரவீனனின் ஒருநாள் கடல். சுஹைராவின் கடை பூட்டிக் கிடந்த ஒரு பகல். வேறொன்றும் இல்லை.