ஒரு முழ இடைவெளி

"வேலாயியிட்டை எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்" என்றாள் மனைவி சந்திராதேவி.

பிட்டைக் குழைத்துக்கொண்டிருந்த அம்பிகைபாகனின் கை அப்படியே நின்றது. மலாயாவில் செலண்டாருக்கு அப்பாலிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் அவர் பெரிய கிராணி, தலைமைக் கணக்கர். அவர் கேளாமல் அவர் வீட்டிலிருந்து ஒரு சொல்லும் வெளியே போனதில்லை.

"என்னத்தைச் சொன்னனீர்?"

"பாலத்தைப் பற்றித்தான். நேற்று ரஹீம் பாய் உங்களைத் தேடி வந்தவர். 'நா செஞ்சு குடுத்த பாலத்துல தகட்ட மடக்கிக் கட்டுனது யாரும்மா, அது இல்லாட்டி அது பாலமே இல்லலா' எண்டு கேட்டவர். எனக்கு முகத்தை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை."

"அதை அவளுக்குச் சொல்ல வேணுமே?"

"இண்டைக்குப் புருஷன்ரை இடத்திலை அவள் பாரம் தூக்கப் போறாள். தெரிஞ்சுகொண்டு நான் பேசாமல் இருந்தால், நானும் சேர்ந்து கட்டின மாதிரி."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வெளியேறினார். முள்வேலிக் கதவருகே, காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு யாரேனும் அரிசி கடத்துகிறார்களோ என்று காவலர்கள் பால்மரத் தொழிலாளிகளின் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஒளிக்கப்பட்ட பொருளொன்று தம்மிடமும் இருப்பதைப்போல அவர் தலையைக் குனிந்தபடி நடந்தார்.

நடந்தது இதுதான். லாரியில் ரப்பர் ஷீட்டுக் கட்டுகளை ஏற்றுவதற்கு அத்தோட்டத்தில் நெடுங்காலமாக ஒரு முறை இருந்தது. தாழ்ந்த சாதியென்று தனி வரிசை வீடுகளில் ஒதுக்கப்பட்ட கீழ் லயத்தார் கட்டைத் தலையில் சுமந்து பலகையில் ஏறுவர். மேல் லயத்தார் லாரிக்குள் நின்று அடுக்குவர். அடுக்கியபின் அதே லாரியில் தம்பின் நகரத்து ரயிலடிவரை சென்று, அங்கே ரயில் பெட்டியில் இறக்குவர். வழியில் லாரித் தளத்திலேயே அமர்ந்து சோறுண்பர். ஆகையால் கீழ் லயத்தார் மிதித்த பலகை லாரியைத் தொடலாகாது. பலகைக்கும் லாரிக்கும் நடுவே ஒரு முழம் விட்டு வைப்பர். சுமப்பவன் அந்த இடைவெளிக்கு மேலாகக் கட்டை வீச வேண்டும்.

பலகையிலிருந்து ஒருவன் விழுந்து தோளெலும்பு முறிந்தபோது, பத்திரமானதொரு பாலத்தைத் தெரிந்தெடுத்து வருமாறு துரை கிராணியை மலாக்காவுக்கு அனுப்பினார். அம்பிகைபாகன் நன்றாகவே தெரிந்தெடுத்தார். சொந்தக் கால்களில் நிற்பது; இருபுறமும் கைப்பிடி; வழுக்காத குறுக்குச் சட்டங்கள்; எல்லாவற்றுக்கும் மேலாக, முனையில் கீல் வைத்த இரும்புத் தகடு. அதை விரித்துவிட்டால் லாரித் தளத்தில் படிந்துகொள்ளும். வீட்டுக் கூடத்தில் நடப்பதைப்போல உள்ளே நடந்து போகலாம்.

அன்று மாலையே மேல் லயத்துச் சிவசாமிக் கங்காணி வந்தார். "பாலம் வடிவா இருக்குங்க ஐயா. ஆனா தகடு லாரியத் தொட்டுச்சுன்னா எங்காளுக ஒருத்தனும் ஏற மாட்டான். பெறகு தொரைக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். கிராணி வாதாடவில்லை. தகட்டை அடிப்புறமாக மடக்கிக் கம்பியால் கட்டிவிடச் சொன்னார். விடிந்தபின் வந்து பார்த்த கீழ் லயத்தார், புதுப் பாலம் குட்டையாகவே செய்யப்பட்டது என்று நம்பினர்.

பின்னொரு நாள் மழைத் தூறலில் வேலாயியின் புருஷன் ராமையா கட்டை வீசினான். கட்டோடு தானும் அந்த இடைவெளியில் விழுந்தான். இடுப்பு நொறுங்கி மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான். "கால் வழுக்கி விழுந்தான்" என்று துரையிடம் கிராணி சொல்லிவிட்டார்.

கிராணி போய்ச் சேர்ந்தபோது ஸ்டோர் முற்றத்தில் லாரி நின்றது. காவலுக்கு வந்த கவச ஜீப்பு உறுமிக்கொண்டிருந்தது. அது புறப்பட்டுவிட்டால் லாரி தனியே போக அனுமதியில்லை. பாலத்தின் முனையில், தலையில் கட்டோடு வேலாயி அசையாமல் நின்றிருந்தாள்.

"வீசு வேலாயி. ஒம் புருசன் மாதிரி நீயும் குதிச்சிறாத" என்றான் லாரிக்குள் நின்ற சாமிநாதன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

"வீச மாட்டேன். தகட்ட எறக்கி விடுங்க."

"எந்தத் தகடு?" என்றார் கங்காணி.

"அடியில கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்கீங்களே, அது."

அவள் பின்னால் வரிசையாக நின்றவர்கள், சுமையோடு ஒருவர்பின் ஒருவராகக் குனிந்து பாலத்தின் அடியைப் பார்த்தனர். பிறகு கிராணியைத் திரும்பிப் பார்த்தனர். அந்தப் பார்வை அம்பிகைபாகனைச் சுட்டது.

"ஜீப்பு கெளம்புதுலா, சீக்கிரம்" என்று லாரி டிரைவர் கத்தினார்.

கங்காணி கிராணியின் காதோரம் வந்தார். "அது ஒடஞ்சு போனதுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க ஐயா. நீங்க சொன்னா நம்புவாங்க."

நம்புவார்கள் என்பது அவருக்கும் தெரிந்தது. அதுவே தாங்க முடியாததாயிற்று. வெள்ளைக் காற்சட்டையோடு சேற்றில் முழந்தாளிட்டுப் பாலத்தின் அடியில் புகுந்தார். கம்பி துருவேறியிருந்தது, முறுக்கைப் பிரித்தபோது விரல் கிழிந்தது. தகட்டை நிமிர்த்தித் தள்ளினார். பெருஞ்சத்தத்தோடு அது லாரித் தளத்தில் விழுந்து படிந்தது.

மேல் லயத்தார் மறுபுறமாகக் குதித்து இறங்கினர். "இனி இந்த லாரில எவன் சோத்த வைப்பான்?" என்று கேட்டுக்கொண்டே கங்காணியும் போனார்.

வேலாயி தகட்டின்மேல் நடந்து உள்ளே போனாள். கட்டை வீசவில்லை, இறக்கி வைத்தாள். அவளுக்குப்பின் வந்தவர்கள் சற்றே தயங்கி, பின்னர் தாங்களே அடுக்கத் தொடங்கினர்.

திரும்பி வந்தவள், பாலத்தடியில் சேற்றோடு நின்ற கிராணியின் முன் நின்றாள். நன்றி சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அந்த எதிர்பார்ப்பே அவரை மேலும் கூசச் செய்தது.

"கிராணி ஐயா, ஆஸ்பத்திரில நீங்க வந்து பாத்தப்ப, எம் புருசன் ஒங்க கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டாராமே. தாங் கவனமில்லாம தோட்டத்துக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்னு."

அவர் தலையசைத்தார்.

"அந்த மன்னிப்ப வாங்கிக்கிட்டு வந்துட்டீங்க. ஞாயித்துக்கெழம போயி திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

அவர் வாய் திறப்பதற்குள், அடுத்த கட்டுக்காக அவள் கைப்பிடியைப் பற்றியபடி இறங்கிப் போய்விட்டாள்.