ஒரே கப்பில் இரண்டு ஸ்டிக்கர்

“அப்போ ஞாயித்துக்கிழமை நான் குடுத்த யூரின் கப்பு பிரஷருக்கு இல்லையா?”

“பிரஷருக்கும்தான், கண்ணு.”

“வேற எதுக்குன்னும் அன்னிக்கு நீங்க சொல்லலையே, மிஸ் வெர்லீன்.”

வெர்லீன் ரெனீட்டாவின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினாள். இருபத்தாறு வருடமாகப் பிரசவ வார்டில் நர்ஸ். பட்டை இறுகும் அந்த அரை நிமிடம் யாரும் பேசமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே அமெரிக்காவின் டொலீடோ நகரம் அழுக்குப் பனியோடு கிடந்தது. ஏரிப்பக்கமிருந்து காற்று வந்து கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது. தொட்டிலில் இரண்டு நாள் குழந்தை, சீலா, தன் முஷ்டியைத் தானே சப்பிக்கொண்டு தூங்கினாள். நாற்காலியில் காருக்கான குழந்தை இருக்கை, வார் எல்லாம் சரிசெய்து, காலையிலிருந்து தயாராக உட்கார்ந்திருந்தது.

தாயும் மகளும் ஒன்பது மணிக்கு வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். ஒன்பதேகாலுக்கு டாக்டர் வந்தார். உட்காரவில்லை, கதவுப் பிடியில் கை வைத்தபடியே சொன்னார். ரெனீட்டாவின் சிறுநீரில் போதை மருந்துக்கான அறிகுறி இருக்கிறதாம். சட்டப்படி குழந்தைகள் நலத்துறைக்குத் தகவல் போய்விட்டதாம். இரண்டு மணிக்கு அங்கிருந்து ஒரு அம்மாள் வருவாள், அவள் முடிவு செய்யும்வரை குழந்தை இந்த மாடியை விட்டுப் போகக் கூடாது. உறுதிப் பரிசோதனையின் முடிவு வெள்ளிக்கிழமைதான் வரும்.

யாரும் என்னிடம் கேட்கவே இல்லையே என்று ரெனீட்டா சொன்னபோது அவர் திரையைப் பார்த்தார். ‘தாய்க்குத் தெரிவிக்கப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக் இருக்கிறது என்றார். குரலில் கோபமில்லை. திரையில் இருந்ததை வாசித்தார், அவ்வளவுதான்.

அவர் போனதும் ரெனீட்டா முதலில் செய்த காரியம் கணவனைக் கீழே அனுப்பியது. ஓடெல் கறுப்பின ஆள், ஆறடி நாலங்குலம். அவன் குரல் ஒரு படி ஏறினாலும் அதையும் யாராவது எழுதிவைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். கார்க் கண்ணாடியில் ஐஸைச் சுரண்டிவிட்டு வா என்றாளாம். காலையிலேயே சுரண்டிவிட்டேன் என்றானாம். “அப்ப மறுபடி சுரண்டு” என்று அனுப்பியதாக வெர்லீனிடம் சொல்லும்போது அவள் உதட்டோரம் கொஞ்சம் சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது.

பட்டை தளர்ந்தது. அழுத்தம் கூடியிருந்தது. கூடாமல் என்ன செய்யும்.

ரெனீட்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஒன்பது வருடம், ஒரு கீறல் இல்லை. “டிப்போல வருஷத்துக்கு ரெண்டு மூணு தரம் கப்பு குடுக்கறேன்” என்றாள். “லாட்டரி மாதிரி பேர் விழும், பரிசு மட்டும் கிடையாது. ஆனா அங்க முதல்ல ஒரு தாளைக் குடுப்பாங்க, படிச்சுக் கையெழுத்துப் போடணும். என் கண்ணு முன்னாலதான் மூடி மேல சீல் ஒட்டுவாங்க, அதுலயும் நான் எழுத்துப் போடணும். போதைக்குப் பாக்கற கப்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், மிஸ் வெர்லீன். நீங்க வாங்கினது அந்தக் கப்பு இல்ல.”

இல்லைதான். அது சாதாரணக் கப்பு.

ஞாயிற்றுக்கிழமை வார்டில் மூன்று பிரசவம், நர்ஸுகள் இரண்டு பேர். தலைவலியும் வீங்கிய கால்களுமாக ரெனீட்டா வந்தபோது வெர்லீன் காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை. கர்ப்பகாலப் பரிசோதனை எத்தனை முறை என்று கணினி கேட்டது. திரையில் நான்குதான் இருந்தது. ரெனீட்டா முதலில் போய்க்கொண்டிருந்த கிளினிக் கோடையில் மூடப்பட்டுவிட்டது, அங்கே பார்த்த ஒன்பது முறையும் எங்கோ ஓர் அலமாரியில் மாட்டிக்கொண்டிருந்தது. வெர்லீன் நான்கு என்று போட்டாள். ஐந்துக்குக் கீழே என்றால் போதைப் பரிசோதனைக்கான உத்தரவு தானாகவே விழும். அச்சு இயந்திரம் இரண்டு ஸ்டிக்கர் துப்பியது, ஒன்று பிரஷருக்காகப் பார்க்கும் புரதத்துக்கு, இன்னொன்று போதைக்கு. இரண்டையும் ஒரே கப்பில் ஒட்டினாள். “பிரஷருக்குப் பாக்கணும் கண்ணு” என்று நீட்டினாள்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. பல வருடமாக நாக்கில் படிந்துபோன வாக்கியம் அது. முழுவதையும் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும், சில பேர் அழுவார்கள், பக்கத்து அறையில் மணி அடித்துக்கொண்டிருக்கும். அதன்பிறகு, தெரிவிக்கப்பட்டது என்ற கட்டத்தில் டிக். அந்த டிக்கைப் போடாமல் அடுத்த பக்கம் திறக்காது.

பன்னிரண்டாம் அறை ஹோலிக்குத் திரையில் மூன்றே முறைதான் இருந்தது. மிச்சிகனிலிருந்து புதிதாகக் குடிவந்தவள், வெள்ளைக்காரப் பெண். அவளுக்கும் உத்தரவு விழுந்தது. சக நர்ஸ் பெய்ஜ் திங்கள் காலை பழைய கிளினிக்குக்கு ஒரு போன் போட்டாள், ‘ஆவணங்கள் வருகின்றன’ என்று எழுதினாள், உத்தரவை நீக்கிவிட்டாள். இரண்டு நிமிட வேலை. அதே திங்கள் காலை வெர்லீனும் அதே மேசையில்தான் இருந்தாள். பக்கத்திலேயே இன்னொரு போன் சும்மாதான் கிடந்தது.

இன்று காலை ஹோலியைச் சக்கர நாற்காலியில் காருக்குத் தள்ளிப்போனவள் வெர்லீன்தான். மடியில் குழந்தை, கைப்பிடியில் பலூன். வாந்திக்கு இஞ்சியெல்லாம் ஒன்றும் செய்யவில்லை, கஞ்சா மிட்டாய் தின்ற பிறகுதான் சோறு தங்கியது என்று சொல்லி அவள் சிரித்தாள். வெர்லீனும் சேர்ந்து சிரித்தாள். திரும்பி லிஃப்டில் தனியாக ஏறி வரும்போதுதான் சும்மா கிடந்த அந்த இன்னொரு போன் நினைவுக்கு வந்தது.

அதற்கப்புறம் அவள் சும்மா இருக்கவில்லை. மூடிய கிளினிக்கின் காகிதங்கள் எங்கே போயின என்று நான்கு இடத்துக்குப் போன் செய்தாள். மதியத்துக்குள் ஒன்பது வருகைக்கும் தாள் வந்துவிட்டது. மருந்தகத்தில் கேட்டாள். ரெனீட்டாவுக்கு எட்டாம் மாதத்திலிருந்து கொடுத்த பிரஷர் மாத்திரையே இந்த முதல் சோதனையை ஏமாற்றிவிடும் என்றார்கள். இதே ஆஸ்பத்திரி எழுதிக்கொடுத்த மாத்திரை. டாக்டரிடம் சொன்னாள். சாத்தியம்தான், வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும் என்றார்.

இதையெல்லாம் ரெனீட்டாவிடம் சொல்லி, தாள்களைப் படுக்கையில் வைத்தாள். கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது.

“குழந்தையோட டயப்பர் ஒண்ணு அனுப்பச் சொல்லியிருக்காங்க. அந்தத் தார் மாதிரிக் கறுப்பா போகுமே, அதுலயும் போதைக்குப் பாக்கணுமாம். எடுத்துக்கலாமா?”

ரெனீட்டா அவளை நிமிர்ந்து பார்த்தாள். “வேணாம்னா?”

“மறுத்துட்டாங்கன்னு எழுதணும்.”

“நல்லா இருக்கு. கேக்காம எடுத்தப்போ எனக்குத் தெரியும்னு எழுதினீங்க. இப்ப கேக்கறீங்க, மறுத்தேன்னு எழுதப்போறீங்க.”

எழுந்து அவளே குழந்தையின் டயப்பரைப் பிரித்தாள். கால்கள் இன்னும் வீங்கியிருந்தன, மெதுவாகத்தான் நிற்க முடிந்தது. துடைத்து, புதியதைக் கட்டி, பழையதை மடித்துப் பையில் போட்டாள். ஒட்டுப்பட்டையை இழுத்து மூடி, பேனா கேட்டு வாங்கி, பட்டையின் மேல் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டாள், டிப்போவில் போடுவதுபோல. இந்த வார்டில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. வெர்லீன் தடுக்கவில்லை, பையை வாங்கிக்கொண்டாள்.

“மாத்திரைதான்னு வெள்ளிக்கிழமை தெரிஞ்சிடும்” என்றாள் ரெனீட்டா, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. “அதைப் பத்திப் பயமில்ல எனக்கு. இன்னிக்கு ரெண்டு மணிதான் பயமா இருக்கு. யாரும் சொல்லலன்னு டாக்டர்கிட்ட நான் சொல்லிட்டேன். சொன்னதா கம்ப்யூட்டர்ல டிக் இருக்கு. அந்தம்மா வந்து ரெண்டையும் பாத்தா என்ன தோணும்? இவ பொய் சொல்றான்னுதான். பொய் சொல்றவகிட்ட யாரு பிள்ளையைக் குடுத்து அனுப்புவா?”

வெர்லீன் கையிலிருந்த பையைப் பார்த்தாள். அந்த டிக்குக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு பெயர் இருக்கும்: வெ. காடிஸ், நர்ஸ். சொல்லாததைச் சொன்னதாகப் பதிவது வேலையையே கொண்டுபோகும் தப்பு. புதிய நர்ஸுகளுக்கு அதை வகுப்பெடுத்தவளே அவள்தான். பாதம் இரண்டும் எரிந்தன. எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது, ஆனால் இருந்த ஒரே நாற்காலியில் குழந்தையின் இருக்கை இருந்தது.

வராந்தாக் கோடியில் லிஃப்ட் திறந்தது. பழக்கமில்லாத ஒரு காலடி வரவேற்பு மேசையருகே நின்றது, ஒரு பெண்குரல் இந்த அறையின் எண்ணைக் கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டுக்கு நான்கு நிமிடம் இருந்தது.

“மிஸ் வெர்லீன்” என்றாள் ரெனீட்டா. குரலை உயர்த்தவில்லை, குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டேதான் கேட்டாள். “அவங்க உள்ள வந்ததும், என் பக்கத்துல நின்னு, ‘நான் இவகிட்ட சொல்லவே இல்ல’ன்னு நீங்க சொல்லுவீங்களா?”