தண்ணீருக்கு மேலே ஒரு சாண்

செபா அக்காவுக்கு நான் தர வேண்டியிருந்தது இரண்டாயிரத்து நூற்று நாற்பது கெத்சால், எங்கள் நாட்டுக் காசில். நூற்றேழு கட்டுக் கோரை, கட்டு இருபது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அவள் கேட்டது அதுதான், நான் தலையாட்டியதும் அதற்குத்தான். என் கையால் செத்துப்போன கோரைப் படுகையின் ஒரு வருட விலை.

நான் கூலிக்கு அறுப்பவன். அதித்லான் ஏரியில் எங்கள் கரையில் வீட்டுக்கு ஒரு துண்டுக் கோரை உண்டு. அதற்கு அப்பால் யாருக்கும் சொந்தமில்லை. முப்பது அடி போனால் கால் எட்டாது; அங்கே நீலத் தண்ணீர், வலைக்காரர்கள் பாடு. அதற்கும் கீழே கறுப்புத் தண்ணீர், வெயில் இறங்காத இடம். கயிற்றில் கல்லைக் கட்டி விட்டுப் பார்த்தவர்கள், கயிறுதான் தீர்ந்தது என்பார்கள். கரையோரத்து இந்த முப்பது அடிக்குள்தான் மீன் முட்டையிடும், நண்டு ஓடு கழற்றும், நீர்க்கோழி கூடு கட்டும். பெரிய மீன் நுழைய முடியாதபடி கோரை நெருங்கி நின்றால்தான் குஞ்சு பிழைக்கும். எங்கள் அடுப்பும் எரியும்.

அந்த வருடம் கடலோரத் தோட்டங்களுக்குக் கரும்பு வெட்டப் போன நான் மே மாதக் கடைசியில்தான் திரும்பினேன். அக்காவின் துண்டில் மார்ச்சிலேயே அறுத்திருக்க வேண்டிய கோரை. செபா அக்கா கரையில் நின்று திட்டினாள்.

"வர்ற நேரமாடா இது? மழை தலைக்கு மேல நிக்குது."

"ரெண்டே நாள்தான்க்கா. முடிச்சிடுறேன்."

"பாய்க்கு நீளம் வேணும். போன தடவை மாதிரி குட்டையா அறுத்துப் போட்டா காசு கிடையாது, சொல்லிட்டேன்."

நீளம் வேண்டுமென்றால் குனிய வேண்டும். மார்பளவு தண்ணீரில் நின்று, கையை உள்ளே விட்டு, ஒரு முழம் கீழே அறுத்தேன். அறுத்த இடத்திலிருந்தெல்லாம் குமிழி வந்தது, நான் நகர நகரப் பின்னாலேயே. கோரை தண்டு வழியாகத்தான் வேருக்கு மூச்சு அனுப்புகிறது. அறுப்பவன் எவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அறுத்த கட்டையின் நுனி தண்ணீருக்கு வெளியே நிற்க வேண்டும். பத்து நாள் மழை பொறுத்தால் தளிர் மேலே வந்துவிடும் என்று நினைத்தேன். நான்காம் நாள் மழை பிடித்தது. ஜூலைக்குள் ஏரி இரண்டு முழம் ஏறிவிட்டது.

அக்டோபரில் வேர்கள் அழுகி, கறுத்த திட்டுத் திட்டாகக் கிளம்பி நீலத் தண்ணீருக்கு மிதந்து போயின. மறைப்பு போனதும் மத்தியானக் காற்று அலையை நேராகக் கரையில் அடித்தது. அக்காவின் வெங்காயப் பாத்தி இரண்டு சரிந்து விழுந்தன. நண்டுக் கூடை வைக்கும் தொமிங்கோ ஒரு வாரம் வெறுங்கூடை தூக்கிப் பார்த்துவிட்டு வேறு கரைக்குப் போனான். அக்கா கோரையை விலைக்கு வாங்கிப் பாய் பின்னினாள். விற்ற காசில் சோளத்துக்கு மிஞ்சவில்லை. அவள் மகள் தலைநகருக்கு வீட்டு வேலைக்குப் போனது அந்த வருடம்தான். அதை யாரும் கட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை.

என்னிடம் காசில்லை. நட்டுத் தருகிறேன் என்றேன்.

"வேர் எங்கேருந்து வரும்?"

"மாமன் துண்டுலேருந்து எடுத்துக்கச் சொல்லியிருக்காரு."

"வளரலேன்னா?"

"காசு தர்றேன்."

"காசு இருந்தா நீ ஏன்டா சேத்துல நிக்கப் போற?" என்றாள். "சரி, நடு. அறுக்கிற அன்னிக்குக் கட்டுக்குக் கட்டு கழிச்சுக்கிறேன்."

பிப்ரவரியில் நட்டேன். ஒவ்வொரு கொத்துக்கும் கல்லைக் கட்டித் தொடையளவு ஆழத்தில் இறக்கினேன். தொமிங்கோ தோணியிலிருந்து கூப்பிட்டான்.

"என்ன காஸ்பாரு, மீனுக்குத் தோட்டம் போடுறியா?"

"உன் நண்டுக்குத்தான். வாடகையைக் குடு."

"நண்டுகிட்டயே கேளு. கை நீட்டிக் குடுக்கும்."

முதல் வருடம் பாதியை நீர்க்கோழி கொத்திவிட்டது. மறுபடி நட்டேன். பகலெல்லாம் மூட்டை தூக்கி, மாலையில் தண்ணீரில் இறங்கினால் முழங்கால் மரத்துப்போகும். மூன்றாம் வருடம் உள்ளே நின்றால் கரை தெரியவில்லை. தண்டுகளுக்கு நடுவே விரல் நீளக் குஞ்சுகள் என் காலை உரசிப் போயின.

மார்ச்சில் அறுக்க இறங்கினேன். தண்ணீருக்கு மேலே ஒரு சாண் விட்டு அறுத்தேன். அக்கா கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன்டா மேல அறுக்கிற? இந்தப் பாயில படுத்தா கால் தரையில கிடக்கும்."

"உக்காந்துக்கிறவங்களுக்கு வித்துக்கக்கா."

"உள்ள கையை விட்டு அறுத்தா இன்னிக்கே உன் கடன் தீரும். மழைக்கு ரெண்டு மாசம் கிடக்கு. யோசி."

யோசித்தேன். உடம்பெல்லாம் அலுப்பு. ஆனால் அந்தக் கோடையில் ஏரி இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. கரைப் பாறையில் ஈரக்கோடு உயரத்திலேயே நின்றது. மேலேயே அறுத்தேன். கீழே அறுத்திருந்தால் நூற்றேழு கட்டு வந்திருக்கும்; பாய்க்கு நீளம் பத்தாததைக் கழித்ததில் எழுபத்தாறுதான் தேறியது.

"அறுநூத்தி இருபது நிக்குது," என்றாள். கட்டுகளை ஏற்றிக்கொண்டு போனாள்.

மழை ஏப்ரலிலேயே வந்துவிட்டது. ஜூனில் ஒரு காலை, அக்கா பாவாடையை முடிந்துகொண்டு தானே தண்ணீரில் இறங்கினாள். வரிசை வரிசையாக நடந்து, குனிந்து, ஒவ்வொரு கட்டையாகக் கையால் தடவிப் பார்த்தாள். நான் கரையில் நின்றேன். தப்பியிருக்கிறதா, மூழ்கிவிட்டதா என்று அவள் முகத்திலிருந்து தெரிந்துகொள்ள முடியவில்லை. இடுப்பு வரை நனைந்து மேலே வந்தாள்.

"மொளைச்சிருக்கு. எல்லாமே தண்ணிக்கு மேல வந்துருச்சு."

வீட்டுக்குள்ளே போய், என் கடனைப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்திருந்த தாளைக் கொண்டுவந்தாள்.

"நீ ராத்திரிப் பள்ளிக்கூடம் போறியாமே. மீதி இல்லேன்னு எழுது."

"அறுநூத்தி இருபது இருக்குக்கா."

"எனக்கு எண்ணத் தெரியும். எழுதத்தான் தெரியாது. எழுது."

தாளை முழங்காலில் வைத்து எழுதினேன். நேரம் ஆனது. அவள் அவசரப்படுத்தவில்லை.