கைக்கு இடமில்லாத வால்வு

பாயிஸ் சாச்சா குறட்டால் வால்வைப் பிடித்து இழுத்தபோது பிளாஸ்டிக் குழாய் முறுகிக் கிரீச்சிட்டது. சமையலறைக் கதவோரம் நின்ற நஸ்லியா ஓரடி முன்னால் வந்து, மறுபடியும் நின்றுவிட்டாள்.

பின்முற்றத்தில் படுக்கை விரிப்புகளால் மறைப்புக் கட்டியாயிற்று. உள்ளே பலகையில் அவளுடைய வாப்பா கிடந்தார். விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குச் சற்று முன்பு மூச்சு நின்றது. நண்பகல் லுஹருக்குப் பள்ளியில் ஜனாஸாத் தொழுகை. குளிப்பாட்டத் தண்ணீர்தான் இன்னும் வரவில்லை.

“கைப்புடியச் செவுத்துப் பக்கமா வெச்சீக்கி. யாரு போட்டது?” என்றார் குளிப்பாட்ட வந்த லெப்பை.

“எங்கட நானாதான், வேற யாரு?” அண்ணன் கிடந்த மறைப்பைப் பார்த்தபடி சாச்சா வியர்வையைத் துடைத்தார். “குழாய் வேல தெரிஞ்ச பாஸ் ஒருத்தரக் கூப்பிடுங்கன்னு மதினி தலபாடா அடிச்சிக்கிட்டாங்க. இவரு போன்ல வீடியோ பாத்துப் பாத்து ஒட்டினாரு.”

“வீடியோல செவுரு ஈக்கல்லயாக்கும்.”

யாரோ சிரித்து, அதை இருமலாக்கினார்கள்.

வாப்பா கண்டியில் உடுப்புக்கடையில் துணி அளந்தவர். துணி அளக்கிறவனுக்குக் குழாய் அளக்கத் தெரியாதா என்பது அவர் வாதம். அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. கைக்கு இடம்விட மட்டும் மறந்துபோனார். சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே நஸ்லியாவின் கை ஒன்றுதான் நுழைந்தது. “கள்ளனுக்குத் தொறக்க ஏலா” என்று அதையும் பெருமையாகவே சொல்லித் திரிந்தார். காலையில் குளியலறையிலிருந்து “மகள், தண்ணி!” என்று கூப்பிடுவார். அவள் திருகிவிட்டு, போதுமா என்று அறிய “காணுமா?” என்பாள். “இன்னும் கொஞ்சம்” என்று பதில் வரும். அதற்குமேல் திருகினால் மூட்டு கசியும்.

“இப்ப பாஸ் எங்க?” என்றார் லெப்பை.

“கட்டுகஸ்தோட்டைல வேலையாம். பின்னேரம் அசருக்குப் பொறகுதான் வருவாராம்.”

“பக்கத்து ஊட்டுல அள்ளிக்கொள்ளுவமே.”

“நானா போட்ட குழாய் ஈக்க, அவருக்குப் பக்கத்து ஊட்டுத் தண்ணியா?” சாச்சா குறட்டைத் தரையில் போட்டார். “குழாய் அறுக்கிற வாள எடுங்க. வால்வுக்கு மேலால அறுத்துருவம்.”

“சாச்சா, அறுக்க வாணாம்.”

யாருக்கும் கேட்கவில்லை. வாள் கைமாறி வந்தது. நஸ்லியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“அறுக்க வாணாம், சாச்சா. நான் தொறக்கிறேன்.”

அத்தனை ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தபடி நடந்தாள். வழி விட்டார்கள். சாச்சா வாளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, லெப்பையோடு மறைப்புக்குள் போனார்.

அவள் கையை உள்ளே விட்டாள். விரல் முட்டிகளில் சுண்ணாம்பு உரசியது. குறடு பிடித்த இடம் சொரசொரப்பாக இருந்தது. கைப்பிடி முதலில் அசையவில்லை, பிறகு இளகியது. மேட்டிலிருந்த தண்ணீர்த் தாங்கியிலிருந்து குழாய்க்குள் நீர் இறங்குவது உள்ளங்கையில் தெரிந்தது. மறைப்புக்கு அப்பால் ரப்பர்க் குழாய் காற்றைத் துப்பியது. பிறகு பலகையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“காணுமா?”

கேட்ட பிறகுதான், கேட்டுவிட்டது அவளுக்குத் தெரிந்தது.

தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

மறைப்புக்குள்ளிருந்து சாச்சா பதில் சொன்னார்.

“இன்னும் கொஞ்சம், மகள்.”

அவள் இன்னும் கொஞ்சம் திருகினாள். மேலே மூட்டு கசியத் தொடங்கி, தண்ணீர் அவள் முழங்கை வழியே சட்டைக் கைக்குள் இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை.