எழுபது பேர் ஏறிய நெக்ஸியா

மார்கிலானில் சந்தைக்குப் பின்னால் இருக்கும் தெருவில், முகர்ரமின் வெள்ளை நெக்ஸியா காரில் எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது. 1997இல் அவள் கணவன் தோலிப் வாங்கிய வண்டி அது. அவன் ருஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்ச் சவப்பெட்டியில் திரும்பிய பிறகு, அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதலில், வலி கண்ட ஒரு கர்ப்பிணியோடு ஒன்பது பெண்கள் ஏறினார்கள். பிறகு ஒரு சாவுக்கு இருபத்திரண்டு பேர். அந்த இலையுதிர்காலத்தில் அரசு உத்தரவுப்படி பருத்தி எடுக்கப் போன பள்ளி ஆசிரியர்கள் முப்பத்தெட்டுப் பேர், மூட்டைகளோடு. வெளியிலிருந்து பார்த்தால் வண்டி ஒரு விரல்கூட நீளவில்லை. உள்ளே யார் முழங்காலும் யார்மேலும் இடிக்கவில்லை. போக்குவரத்துக் காவலர் ஒருவர் ஒருமுறை நிறுத்தி எண்ண ஆரம்பித்து, நாற்பதுக்கு மேல் அலுத்துப்போய், பின்விளக்கு எரியவில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

இத்தனைக்கும் அந்த வண்டியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அந்தத் தெருவில் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. ஏறும்போது தகர டப்பா என்பார்கள். இறங்கும்போது கதவை ஓங்கிச் சாத்துவார்கள். "இன்னுமா இதை வச்சிருக்க, அக்கா?" என்று கேட்ட எதிர்வீட்டு ரஹ்மோன், மறுநாளே தன் பசுவை அதில்தான் மாட்டு மருத்துவரிடம் கொண்டுபோனான். முகர்ரம் பல்லைக் கடித்துக்கொண்டு பின்சீட்டிலிருந்து சாணத்தைக் கழுவினாள். நன்றிகெட்ட ஜனம். வேறென்ன சொல்வது?

வண்டியைச் சொன்ன வாய் மகளையும் சொன்னது. ஓய்ஸாராவுக்கு இருபத்தேழு வயது ஆகியிருந்தது. பல் மருத்துவமனையில் வேலை, கெட்டிக்காரி; ஆனால் அந்த ஊரில் இருபத்தேழு என்றால் காய்ந்த ரொட்டி. இனி யார் வருவார்கள் என்று தெருவே நச்சரித்ததில், ரிஷ்தானிலிருந்து வந்த சர்தோருக்கு அவள் சரி என்றாள். அவன் அம்மா ஹோசிலா பெண் பார்க்க வந்தபோது வாசலில் நின்ற நெக்ஸியாவைப் பார்த்து முகம் சுளித்தாள். "கல்யாணத்தன்னைக்கு அந்த டப்பாவ எங்க கண்ணுல காட்டிடாதீங்க, சம்பந்தியம்மா. நாலு பேர் பாக்குற இடம்." மாப்பிள்ளை வீட்டார் நீளமான புது வண்டிகள் பத்தை வாடகைக்குச் சொல்லிவைத்தார்கள்.

கல்யாணத்தன்று காலையில் அந்தப் பத்து வண்டிகளும் வேறொரு பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டன. பெண்ணை அழைக்க வேன்களில் வந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டார் அறுபத்தெட்டுப் பேரும், ஆள் உயர எக்காளம் ஊதும் இருவரும் தெருவில் ஒரு மணி நேரம் வியர்த்தார்கள். வேன்களும் திரும்பிப் போயிருந்தன. திருமணப் பதிவு அலுவலகம் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும். அப்புறம், கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல், எழுபது பேரும் நெக்ஸியாவில் ஏறிக்கொண்டார்கள். எக்காளங்களுக்கும் இடம் இருந்தது. முகர்ரம் ஓட்டினாள்; கல்யாண உடையில் ஓய்ஸாரா முன்சீட்டில் இருந்தாள்.

வழியெல்லாம் பேச்சுதான். ஜன்னல் இறங்கவில்லை, சீட்டில் மாட்டு வாடை, இது வண்டியா கோழிக்கூண்டா என்றார்கள். கடைசியில் ஹோசிலா உரக்கச் சொன்னாள்: "வண்டியும் பழசு, பொண்ணும் பழசு. ரெண்டையும் சேத்து நம்ம தலையில கட்டிட்டாங்க!" எழுபது பேரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது சர்தோர். ஓய்ஸாரா அதைக் கண்ணாடியில் பார்த்தாள். முகர்ரம் பதிலுக்கு ஒன்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் கட்டிக்கொள்ளப் போகிறவள் மகள். மகள் வாழ்க்கையைத் தன் வாயால் கெடுக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

முந்தின நாள் ரஹ்மோன் முலாம்பழம் ஏற்ற வண்டியை வாங்கிப்போய், கேஸைத் தீர்த்துத் திருப்பித் தந்திருந்தான். ஆகவே கேஸ் பங்க்கில் நிறுத்த வேண்டியிருந்தது. சிலிண்டர் வெடிக்கலாம் என்பதால் ஓட்டுநரைத் தவிர எல்லோரும் வாசலிலேயே இறங்கி, சுற்றி நடந்து, மறுவாசலில் காத்திருக்க வேண்டும். வேறு எதற்கும் பணியாதவன்கூட அந்த நாட்டில் இதற்குப் பணிவான். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்காமல் இறங்கினார்கள். இறங்கி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ஓய்ஸாராவும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தாள்.

"கல்யாணமா, அக்கா?" என்றான் கேஸ் போட்டவன்.

"தெரியல."

மறுவாசலில் வண்டியை நிறுத்தி, எட்டி முன்கதவைத் திறந்தாள் முகர்ரம். "ஏறு. பதிவு ஆபீசுக்கா வீட்டுக்கா, நீயே சொல்லு. நீ எதைச் சொன்னாலும் அங்க விடுறேன்."

ஓய்ஸாரா ஏறிக் கதவைச் சாத்தினாள், மெதுவாக. "வீட்டுக்கு."

"ஏய், தமாஷுக்குத்தானே சிரிச்சேன்!" என்று ஓடிவந்தான் சர்தோர்.

"நல்லாத்தான் சிரிச்சீங்க. மிச்சத்தையும் இங்கயே நின்னு சிரிச்சு முடிங்க," என்றாள் ஓய்ஸாரா.

ஹோசிலா பின்கதவைத் திறந்தாள். பின்சீட்டு முழுதும் காலியாக இருந்தது. அவள் ஒரு காலை வைத்துப் பார்த்தாள், இடுப்பைத் திணித்துப் பார்த்தாள், இடமில்லை. பக்கவாட்டில் முயன்றாள்; அப்படியும் இல்லை. பின்னால் நின்ற அறுபத்தொன்பது பேரும் ஆளுக்கொரு முறை முயன்றார்கள்.

"சின்ன வண்டி, சம்பந்தியம்மா," என்றாள் முகர்ரம். "வெறும் டப்பா."

எழுபது பேரும் தங்கள் ஊருக்குப் பதினான்கு கிலோமீட்டர் நடந்தார்கள். கூலி வாங்கிவிட்டதால் எக்காளக்காரர்கள் வழி முழுவதும் ஊதிக்கொண்டே போனார்கள். கல்யாணத்துக்கு ஆக்கிய புலாவைத் தெருக்காரர்கள் வயிறாரத் தின்றார்கள். பெண்ணைத் திருப்பிக் கூட்டிவந்தது சரியா தவறா என்று ஒரு மாதம் சண்டை போட்டார்கள். அடுத்த மாதம் ரஹ்மோன் மனைவிக்கு வலி எடுத்தபோது, எட்டுப் பெண்கள் அவளைத் தாங்கிக்கொண்டு ஏறினார்கள்; தாராளமாக இடம் இருந்தது. ரஹ்மோனுக்கு மட்டும் இல்லை. அவன் கதவைப் பிடித்தபடி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்ல வண்டி, அக்கா," என்றான். பிறகு ஏறினான்.